வீட்டில் கூப்பிடுகிறார்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையின் முன்பக்கம் முழுக்க வெளிச்சம். பின்பக்கம் ஒரு சின்ன அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு குழாய், லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும் மெஷின், அது துப்புகிற வெள்ளைச் சேறு, அப்புறம் அவள். முன்னால் வருகிறவர்கள் ஃபிரேமை மாட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பித் திருப்பி அழகு பார்த்துவிட்டுப் போவார்கள். வட்டமாக வருகிற லென்ஸை அந்த ஃபிரேமுக்குள் அடங்கும்படி வெட்டி, ஓரம் தேய்த்து, மாட்டித் தருவது அவள் வேலை. வெட்டுவதற்கு முன் லென்ஸில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளி மாட்டுகிறவரின் கண்மணிக்கு நேராக வந்து நிற்க வேண்டும். துளி நகர்ந்தாலும் அவருக்குப் படிக்கட்டு எழும்பி வரும், தலை சுற்றும், அடுத்த நாளே கடைக்கு வந்து கத்துவார். இத்தனை வருஷத்தில் அப்படிக் கத்தியவர்கள் ரொம்பக் குறைவு. அவர்களிலும் ஒருவர் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிப் பார்த்தவர்.

அந்த அறையில்தான், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனை நோண்டியபோது அந்த மின்னஞ்சல் கண்ணில் பட்டது. 'அன்புள்ள வீரரே' என்று ஆரம்பித்தது. அவளை வீரரே என்று யாரும் கூப்பிட்டு எட்டு வருஷம் இருக்கும். விளையாட்டை நடத்த இனிக் கட்டுப்படியாகவில்லையாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணியோடு நிறுத்தப் போகிறார்களாம். இத்தனை காலம் கூட வந்ததற்கு நன்றியாம்.

கடைக்காரர் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு? வீட்டுல யாருக்காவது உடம்பு முடியலையா?"

"இல்ல சார். ஒரு இடத்தை மூடறாங்க."

"எந்த இடம்?"

"முன்னாடி போய்க்கிட்டு இருந்த இடம்."

"நல்ல இடமா?"

"நல்ல இடம்தான் சார். குளிர்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

கடைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏதோ மலைப்பிரதேசம் என்று நினைத்திருப்பார். அது உண்மைதான். பனிமலை, உச்சியில் ஒரு கோட்டை. கம்ப்யூட்டருக்கு வெளியே அந்த மலை இல்லை, அவ்வளவுதான்.

*

அவள் அதற்குள் போனதே ஒரு தற்செயல். மகள் கைக்குழந்தை. கணவர் பஸ் டிரைவர். வாரமெல்லாம் ரோட்டையே பார்த்துவிட்டு வருகிறவர். யாரோ டிப்போவில் சொன்னார்கள் என்று அந்த விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஊர் ஊராக இருக்கிறவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, காதில் ஹெட்செட் மாட்டிப் பேசிக்கொண்டே, ஒரே நேரத்தில் சேர்ந்து சண்டை போடுகிற விளையாட்டு. தமிழ் பேசுகிற ஒரு குழுவில் சேர்ந்தார். "வாங்கண்ணே, வாங்கண்ணே" என்று வரவேற்றார்கள். அண்ணன் பத்து நிமிஷத்தில் மூன்று தடவை பள்ளத்தில் விழுந்து செத்தார். "வண்டியில பிரேக்காவது இருக்கும்" என்று ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

ஹெட்செட்டுக்குள்ளிருந்து இன்னும், "அண்ணே? அண்ணே, இருக்கீங்களா?" என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கேட்கப் பாவமாக இருந்தது. அவள் எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அவர் குளிக்கப் போயிருக்காரு."

ஒரு குரல், "அப்ப நீங்க வாங்க அண்ணி" என்றது.

அன்றிலிருந்து அவள் அண்ணி. அண்ணன் திரும்ப வரவேயில்லை.

அங்கே அவளுக்குக் கேடயக்காரி வேலை. எல்லாருக்கும் முன்னால் போய் நிற்க வேண்டும். எதிரி அடிப்பதை எல்லாம் கேடயத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இது ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை என்று கணவரே ஒருநாள் ஒத்துக்கொண்டார். அவளுக்குப் பின்னால் மருந்துப் பையோடு சித்தப்பா நிற்பார். அடிபடுகிறவர்களுக்கு உயிர் ஏற்றுவது அவர் பொறுப்பு. குழுவில் மூத்தவர் அவர்தான். தனியாக இருக்கிறார், ஏதோ தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை என்பதற்கு மேல் யாருக்கும் அவரைப் பற்றித் தெரியாது. அம்பு விடுகிறவன் பல்லு. பல் செட் செய்கிற ஆய்வகத்தில் இருந்தான். கத்தி வீசுகிறவன் தூக்கம். ஆஸ்பத்திரி நர்ஸ், நைட் ஷிப்ட் முடித்துவிட்டு ஆட வருவான், பாதியில் கீபோர்டிலேயே சாய்ந்துவிடுவான். மந்திரம் போடுகிறவள் வக்கீல். அவள் வக்கீல் இல்லை, பள்ளிக்கூட டீச்சர். வாதாடுவதால் வந்த பெயர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் அவர்கள் நேரம். குழந்தை தூங்கும், கணவர் டியூட்டியில் இருப்பார், அத்தை, அதாவது மாமியார், டிவியில் படம் பார்ப்பார். வாரம் முழுக்க அவள் அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் துணி துவைத்தாள் என்று சொன்னால் அது பொய். ஆனால் துவைக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

விளையாட்டென்றால் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் வக்கீலுக்குக் கோபம் வரும். பயிற்சி, திட்டம், யார் எங்கே நிற்பது, எந்த நொடியில் யார் எதை எடுப்பது எல்லாம் பேசி வைத்துத்தான் ஆடுவார்கள். எல்லாம் அந்தக் கோட்டைக்காக. ஐந்து பேர் சேர்ந்து வந்தால்தான் அதன் கதவு திறக்கும். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாகக் கூடங்கள்; கடைசிக் கூடத்தில் மலை மாதிரி ஒரு காவலன். அவனை வீழ்த்தினால் மேல்மாடத்துக்குப் போகலாம். நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. நம் ஆள் செத்தால் கோட்டைக்கு வெளியே தூக்கி வீசிவிடும். மற்றவர்கள் தொடரலாம், ஆனால் வெற்றி செத்தவருக்குச் சேராது.

முதல் மாதமே பிரச்சினை வந்தது. இரண்டாவது கூடத்தில் சண்டை மும்முரமாக இருந்தபோது குழந்தை வீறிட்டது. அவள் ஹெட்செட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்தால் கேடயக்காரி செத்து, கோட்டைக்கு வெளியே பனியில் கிடந்தாள். அவளை நம்பி முன்னே போன மற்ற நால்வரும் பக்கத்தில் கிடந்தார்கள்.

"சொல்லிட்டுப் போறதுக்கு என்ன?" வக்கீல் பிடித்துக்கொண்டாள். "நாங்க என்ன வேலை வெட்டி இல்லாமலா வந்து உட்கார்ந்திருக்கோம்?"

"குழந்தை அழுதுச்சு."

"எவ்வளவு நேரமா அழுதுச்சு? ரெண்டு நிமிஷம் பொறுக்காதா?"

"ஏம்மா, நிறுத்து" என்றார் சித்தப்பா. அவர் பேசுவதே அபூர்வம். "இனிமே வீட்டுல யாருக்காவது கூப்பாடு வந்தா, வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க ஆளைத் தரையில உட்கார வெச்சுட்டுப் போங்க. மத்தவங்க சுத்தி நின்னு காப்பாத்தணும், வர்ற வரைக்கும். அவ்வளவுதான். யாரு கூப்பிட்டாங்க, எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு யாரும் கேக்கக் கூடாது."

"ஏன் கேக்கக் கூடாது?"

"கேட்டா காரணம் சொல்லணும். சொன்னா, அது பெருசா சின்னதான்னு நீ தராசு எடுத்துக்கிட்டு வருவே."

வக்கீலே வாயடைத்துப்போன வழக்கு அது ஒன்றுதான்.

அப்படித்தான் அந்தப் பழக்கம் வந்தது. யாராவது உட்கார்ந்தால் மற்ற நால்வரும் முதுகை அவர் பக்கம் திருப்பி, முகத்தை வெளியே வைத்து வட்டமாக நின்றுவிடுவார்கள். பல்லு உட்காருவான், தூக்கம் உட்காருவான் (அவன் பாதி நேரம் கூப்பிட்டு உட்கார்ந்தானா, தூங்கி உட்கார்ந்தானா என்பது விவாதத்துக்குரியது), வக்கீலும் உட்காருவாள். அதிகம் உட்கார்ந்தது அண்ணிதான். குழந்தை, சிலிண்டர், மருந்து, கதவைத் தட்டுகிற கொரியர்காரன். "மகாராணி அமர்ந்துட்டாங்கப்பா" என்று பல்லு அறிவிப்பான்.

சித்தப்பா மட்டும் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

"ஏன் சித்தப்பா, உங்களைக் கூப்பிட ஒரு ஜீவன் இல்லையா?" என்று பல்லு கிண்டல் பண்ணுவான்.

"இருக்கே. வாஷிங் மெஷின். முடிஞ்சதும் கத்தும். கத்திக்கிட்டுக் கிடக்கட்டும்னு விட்டுடுவேன்."

அத்தைக்கு இந்த உட்காரும் விஷயம் ஒருநாள் தெரியவந்தது. அவர் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, காத்திருக்கப் பொறுமையில்லாமல் பின்னாலேயே வந்து நின்றார். நரைத்த புருவத்தைச் சுருக்கித் திரையைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு ஏன் தரையில உட்கார்ந்திருக்கு?"

"அது நான்தான் அத்தை. நீங்க கூப்பிட்டீங்கல்ல."

"நான் உன்னைத்தானே கூப்பிட்டேன். அது ஏன் உட்காரணும்?"

"நான் எழுந்திருக்கணும்னா அது உட்காரணும்."

அத்தை இதை யோசித்தார். "சுத்தி நிக்கறது யாரு?"

"என் ஆளுங்க."

"எல்லாம் எதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது?"

"யாரும் கிட்ட வந்து அடிச்சிடாம பார்த்துக்கறாங்க."

"பரவாயில்லையே. என் பிள்ளை ஒரு நாள் நின்னிருப்பானா இப்படி?" என்றார் அத்தை. அன்றிலிருந்து கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்பார்: "அம்மாடி, உன் பிள்ளைங்க ரெடியா நிக்குதா? இந்த ரிமோட்டைக் காணோம்."

கோட்டைக்கும் அவர்களுக்கும் அப்படியே வருஷங்கள் ஓடின. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உள்ளே போவார்கள், யாராவது உட்காருவார்கள், வட்டத்தில் நிற்கும்போது அடி வாங்கி வலு போய்விடும். அதற்காக யாரும் யாரையும் ஒன்றும் சொன்னதில்லை. மகள் மூன்றாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் ஒருநாள் கடைசிக் கூடத்துக்கு முந்தின கூடம் வரை போய்விட்டார்கள். கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. அப்போதுதான் குளியலறையில் தடாலென்று சத்தம் கேட்டது. அத்தை கூப்பிடவில்லை. கூப்பிடாததுதான் அவளைப் பயமுறுத்தியது.

அந்த நிலையிலும் கை தன்னால் கேடயக்காரியை உட்கார வைத்தது. எழுந்து ஓடினாள்.

அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஆபரேஷன். அப்புறம் வீட்டுக் கூடத்திலேயே ஒரு கட்டில். கம்ப்யூட்டர் மேசை இருந்த இடத்தில்தான் கட்டில் போட முடிந்தது. கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டிக்குள் போய், அட்டைப்பெட்டி அலமாரி மேலே ஏறியது. ஒரு மாதம் போகாமல் விட்ட வீட்டுக்கு வெறும் கையோடு போய் நிற்கலாம். ஒரு வருஷம் போகாமல் விட்டால் வாசலில் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். அத்தை ஐந்து வருஷம் படுக்கையில் இருந்து, ஒருநாள் காலையில் போய்ச் சேர்ந்தார்.

*

"எட்டு வருஷம் ஆச்சுங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?" என்றாள் அன்று சாயங்காலம்.

கணவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். "உன் மூஞ்சிய அங்க யாரு பார்த்தா? தலையில இரும்புச் சட்டியக் கவுத்துக்கிட்டுதானே நிப்பே?"

"அவங்க எப்பவோ கோட்டையை முடிச்சிருப்பாங்க."

"முடிச்சிருந்தா கை தட்டிட்டு வா. மூடற அன்னைக்குப் போகலைன்னா அப்புறம் என்னைக்குப் போவே?"

மகளுக்குத்தான் நம்ப முடியவில்லை; அந்த நாட்களில் அம்மா கம்ப்யூட்டரில் ஏதோ வேலை பார்க்கிறாள் என்றே நினைத்திருந்தாள். பள்ளியில் கடைசி வருஷம் அவள். "அம்மா, நீயா? என் போனைப் புடுங்கி அலமாரியில வெச்சுப் பூட்டற நீயா? கேமா?"

"நான் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ஆடினேன்."

"மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் அப்படித்தான்மா சொல்வாங்க."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் அட்டைப்பெட்டி இறங்கியது. அத்தையின் கட்டில் போன இடத்தில் மறுபடியும் மேசை. கம்ப்யூட்டர் ஒரு பழைய லாரி மாதிரி உறுமி, யோசித்து, கிளம்பியது. விளையாட்டைப் புதுப்பிக்கிறேன் என்று ஒரு மணி நேரத்தைத் தின்றது. ஹெட்செட்டின் காதுப் பஞ்சு மக்கிப்போயிருந்தது. தொட்டால் கறுப்பாக உதிர்ந்தது. அப்படியே மாட்டிக்கொண்டாள். பாஸ்வேர்டு நினைவில் இல்லை. கீபோர்டில் கையை வைத்தாள், விரல்களுக்கு நினைவிருந்தது.

வீடு அமைதியாக இருந்தது. கணவர் டியூட்டி. மகள் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. ஏதாவது வேண்டுமென்றால் அறையிலிருந்து போனில் மெசேஜ் அனுப்புவாள், குரலெல்லாம் கிடையாது. இனி அவளைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? ஒரு காலத்தில் கும்பிட்டுக் கேட்ட வரம் அது: மூன்று மணி நேரம், யாரும் கூப்பிடாமல். இப்போது கிடைத்திருக்கிறது. மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத பொருள் மாதிரி இருந்தது.

கோட்டை வாசலில் பனி பெய்துகொண்டிருந்தது. கேடயக்காரி அதே பழைய தோள்கவசத்தோடு வந்து நின்றாள். நான்கு பேர் ஏற்கெனவே நின்றிருந்தார்கள்.

முதலில் வந்தது பல்லுவின் குரல், கொஞ்சம் தடித்துப்போயிருந்தது: "மகாராணி எழுந்துட்டாங்கப்பா."

"தம்பி, நல்லா இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி. சொந்த லேப் வெச்சிருக்கேன். முடிதான் போயிடுச்சு."

"அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தாள்.

"கேக்கலையே" என்றார் சித்தப்பா. "கேக்காததுக்கு ஏன் பதில் சொல்றே?"

"நாங்கதான் அன்னைக்கு நடந்ததைச் சொல்லணும்" என்று வக்கீல் புகுந்தாள். "சாயங்காலம் வரைக்கும் சுத்தி நின்னோம். தூக்கம் நின்னபடியே தூங்கிட்டான். அப்புறம் நீ அப்படியே மாயமா மறைஞ்சுட்டே."

மறைந்தது எப்படி என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அம்மாள் துணைக்கு வந்து இருந்தபோது, ஒன்பது வயது மகள் கரண்ட் வீணாகிறதே என்று பொறுப்பாக சுவிட்சை அணைத்திருந்தாள்.

"அப்புறம் நீங்க முடிச்சிருப்பீங்களே? கோட்டையை?"

"எங்க முடிச்சோம்? அஞ்சு பேர் வேணுமே."

"எனக்கு பதிலா யாரும் கிடைக்கலையா?"

"ஏன் கிடைக்கல? வந்தானுங்க" என்றான் தூக்கம். "ஒருத்தன் நல்லா ஆடினான். எங்க வீட்டுல ரெட்டைப் பிள்ளைங்க அண்ணி இப்போ. நான் உட்கார்ந்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'இந்தாளை விட்டுட்டுப் போங்க, நாலு பேர் போதும் முடிக்கறதுக்கு'ன்னான். சித்தப்பா அவனை அப்பவே வெளிய அனுப்பிட்டாரு."

"அடுத்தவனும் அதையேதான் சொன்னான்" என்றாள் வக்கீல். "அதுக்கடுத்தவ கேள்வி கேட்டா. யாரு கூப்பிட்டாங்க, எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு. நான்தான் அவளோட சண்டை போட்டேன்."

"நீயா?"

"நான்தான். ஏன், எனக்கு வாதாடத் தெரியாதா?"

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "உனக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம்னு நினைச்சு உச்சி குளிர்ந்துடாதே. ஆள் சரியா அமையல. அவ்வளவுதான். நேரம் போகுது, கதவைத் தள்ளு."

கிளம்புவதற்கு முன்னால் வக்கீல் எல்லாருடைய போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். "இதை அன்னைக்கே செஞ்சிருந்தா இத்தனை வருஷம் இப்படிப் போயிருக்காது. யார் வேண்டாம்னது?" வேண்டாம் என்றது வக்கீலேதான். யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

*

கை மறந்திருந்தது முதல் கூடத்தில் மட்டும்தான். இரண்டாவதில் வந்துவிட்டது. எதிரி எந்தப் பக்கம் தோளைச் சாய்த்தால் எந்தப் பக்கம் அடி விழும் என்பது லென்ஸில் புள்ளி வைக்கிற மாதிரி. யோசித்தால் தவறும், கையிடம் விட்டுவிட வேண்டும். மூன்றாவது கூடத்தில் தூக்கம் உட்கார்ந்தான். இரட்டையர்களில் ஒன்று சுவரில் எதையோ எழுதியிருக்க வேண்டும். ஹெட்செட் வழியே அலறல் கேட்டது. அவள் கேடயத்தை ஊன்றி, முதுகை அவன் பக்கம் திருப்பி நின்றாள். அடுத்ததில் பல்லு உட்கார்ந்தான்.

அவளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. அந்த நாட்களில் அவள்தான் எப்போதும் நடுவில் உட்கார்ந்திருப்பாள். வட்டத்தில் நின்றது குறைவு. ஊசிக்கும் ரிமோட்டுக்கும் அவள் எழுந்துபோன பொழுதெல்லாம் இப்படித்தான் இவர்கள் நின்றிருக்கிறார்கள், எதிரே வருவதை வாங்கிக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல். இன்றைக்கு அவளைக் கூப்பிட யாருமில்லை. பழைய கடனெல்லாம் நின்றே அடைத்துவிடலாம் போலிருந்தது. கோட்டையையும் முடித்துவிடலாம். முடிக்க வேண்டும். அலமாரி மேலே அட்டைப்பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம், பாதியில் எழுந்து வந்த ஒரு காரியம் அங்கே உட்கார்ந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைக்கு விட்டால் கோட்டையே இருக்காது.

கடைசிக் கூடத்துக்குள் அவர்கள் இதுவரை வந்ததே இல்லை. கூரை உடைந்து, மேலே நட்சத்திரம் தெரிந்தது. காவலன் எழுந்து நின்றான். அவன் முட்டி உயரம்தான் கேடயக்காரி. திரையின் மூலையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி, இடது பக்கம்! தோள், தோளைப் பாருங்க!"

"பார்த்துட்டேன். தூக்கம், முழிச்சிருக்கியா?"

"முழிச்சிருக்கேன் அண்ணி, கண்ணு ரெண்டும் விரியத் திறந்திருக்கு!"

"வக்கீல், இப்போ!"

அடி விழ விழ சித்தப்பா உயிர் ஏற்றிக்கொண்டே இருந்தார். எட்டு வருஷத்தில் அவர் கை கொஞ்சமும் மாறவில்லை. கேட்பதற்கு அரை நொடி முன்னாலேயே மருந்து வந்துவிடும். காவலன் ஒரு காலை மடக்கினான். இன்னொரு காலையும் மடக்கினான். பல்லு வெறிபிடித்தவன் மாதிரி கத்தினான். இன்னும் நான்கைந்து அடி. அவ்வளவுதான்.

அப்போது ஹெட்செட்டில் ஒரு குரல் கேட்டது. ஐந்து பேரில் யாருடைய குரலும் இல்லை. தூரத்து அறையிலிருந்து வருகிற, நடுவயதுப் பெண்குரல்.

"ஏங்க, எவ்வளவு நேரமா கூப்பிடறேன்? டீ ஆறுதுல்ல?"

கிளிக்கென்று ஒரு மைக் அணைந்தது.

அவள் பின்னால் பார்த்தாள். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பா தரையில் உட்கார்ந்திருந்தார்.



"அது..." என்று பல்லு ஆரம்பித்தான்.

"வாயை மூடு" என்றாள் வக்கீல். "கேக்கக் கூடாது." பிறகு அவளே, குரலைத் தாழ்த்தி, "அண்ணி, இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. காவலன் குத்துயிரா கிடக்கறான். நாலு பேரும் சேர்ந்து அடிச்சா விழுந்துடுவான். சித்தப்பா வெளிய விழுந்தாலும் என்ன, எப்படியும் மூடத்தானே போறாங்க?"

அதில் தப்பில்லை. காவலன் கையை ஊன்றி எழப்பார்த்தான். சுவரோரத்திலிருந்து சின்னச் சின்ன எதிரிகள் இறங்கி, உட்கார்ந்திருக்கிற ஆளைக் குறிவைத்து ஓடி வந்தார்கள். முன்னால் போனால் கோட்டை. முன்னால் போவதுதான் அவள் வேலையும். விரல் அந்தப் பொத்தான் மேல்தான் இருந்தது.

வாஷிங் மெஷின் கத்தினால் கத்தட்டும் என்று விட்டவர் இப்போது உட்கார்ந்திருக்கிறார். அந்த டீ யார் போட்டது, எத்தனை நாளாகப் போடுகிறார்கள், ஒன்றும் தெரியாது. சூடாக இருக்கும்போதே அவர் அதைக் குடிக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

"பின்னாடி வாங்க" என்றாள்.

"அண்ணி!"

"பின்னாடி வாங்கன்னேன். வட்டம் போடுங்க."

நான்கு பேரும் ஓடி வந்தார்கள். முதுகு உள்ளே, முகம் வெளியே. மருந்து கொடுக்க ஆள் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் உயிர் குறைந்துகொண்டே போனது. காவலன் மெல்ல எழுந்து நின்றான். வக்கீல் மந்திரத்தை வீசிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு தூக்கத்துக்குத் தொற்றியது, பல்லுவுக்குத் தொற்றியது. "ஏங்கன்னு கூப்பிட்டாங்கப்பா" என்று பல்லு மூச்சுவாங்கினான். "நம்ம சித்தப்பாவை... ஏங்க-வாம்!" அவளுக்குச் சிரிப்பில் கண்ணில் நீர் வந்து, எதிரி இரண்டு இரண்டாகத் தெரிந்தான். கேடயத்தை மட்டும் இறக்கவில்லை.

நேரம் முடிகிற தருணத்தில் மைக் உயிர்பெற்றது. "வந்துட்டேன், வந்துட்டேன். எங்க இருக்கோம்? அடப் பாவிகளா, ஏன் எல்லாரும் இங்க நிக்கறீங்க? அவன் எழுந்துட்டானே!"

சித்தப்பா எழுந்து நின்றார். ஐந்து பேரும் நின்றார்கள். உடைந்த கூரை வழியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியே திரை சாம்பல் நிறமானது. 'நன்றி, வீரரே' என்று ஒரு வரி மட்டும் நின்றது.

*

கணவர் வந்தபோது அவள் இன்னும் மேசை முன்னால்தான் இருந்தாள்.

"முடிச்சியா?"

"இல்லைங்க."

"அய்யய்யோ. யாரு கெடுத்தது? அந்தத் தூக்கமா?"

"சித்தப்பாவை வீட்டுல கூப்பிட்டாங்க."

அவர் ஒரு ஷூவோடு நின்றுவிட்டார். இந்தக் குழுவைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். "அவரையா? யாரு?"

"கேக்கக் கூடாதுங்க."

"சரிதான்" என்றார். பிறகு கிட்டே வந்து, அவள் காதோரத்து முடியில் ஒட்டியிருந்த ஹெட்செட்டின் கறுப்புத் துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். "நரைச்ச முடிக்கெல்லாம் மை பூசிவிட்டிருக்கு உன் கோட்டை. நல்லா சிரிச்சிருக்கே போலிருக்கே?"

போன் மினுங்கியது. வக்கீல் ஒரு குழு ஆரம்பித்திருந்தாள். முதல் செய்தி சித்தப்பாவிடமிருந்து: 'என்னப்பா, யாருமே கேக்கலையே?'

பல்லு: 'விதின்னா விதிதான் சித்தப்பா.'

சித்தப்பா: 'அந்த விதியைப் போட்டதே நான்தான். எடுத்துட்டேன். கேளுங்க.'

வக்கீல்: 'ஒருத்தராப் போட்ட விதியை ஒருத்தரா எடுக்க முடியாது. அஞ்சு பேரும் ஓட்டுப் போடணும்.'

சித்தப்பா: 'அண்ணி, நீயாவது கேளும்மா.'

அவள் 'சொல்லுங்க' என்று அடிக்க ஆரம்பித்தாள். அதற்குள் உள்ளேயிருந்து, "அம்மா!" என்று குரல் வந்தது. மெசேஜ் இல்லை, குரல். மகள் அறைக் கதவைத் திறந்துகொண்டு நின்றிருந்தாள். "அம்மா, இங்க கொஞ்சம் வாயேன். ஒண்ணு காட்டணும்."

அவள் அடித்ததை அழித்துவிட்டு, 'உட்கார்றேன்' என்று மட்டும் அனுப்பினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.